நியூரம்பெர்க் சட்டம், பிரிவு 3: ஒரே வரியில் தொங்கிய பதின்மூன்று ஆணைகள்

#1 பழஞ்சுவடி

"1935-இல் நியூரம்பெர்க் சட்டங்கள் யூதர்களின் குடியுரிமையைப் பறித்தன." பாடப்புத்தகத்திலும் யூடியூபிலும் இந்த ஒரே வரிதான். மூலத்தை எடுத்துப் படித்தால் கதை வேறு மாதிரி போகிறது.

நாஜி ஜெர்மனி 15 செப்டம்பர் 1935-இல் போட்ட இரண்டு நியூரம்பெர்க் சட்டங்களில் ஒன்றான குடியுரிமைச் சட்டத்துக்கு மொத்தமே மூன்று பிரிவுகள். முதல் பிரிவு, நாட்டவர் யார் என்கிறது. இரண்டாவது, அந்த நாட்டவரில் ஜெர்மானிய ரத்தமோ அதற்கு நெருங்கிய ரத்தமோ உள்ளவர்தான் முழு அரசியல் உரிமை உள்ள குடிமகன் என்கிறது. மூன்றாவது: உள்துறை அமைச்சர், கட்சித் துணைத் தலைவரின் இசைவோடு, இச்சட்டத்தை நடைமுறைப்படுத்தவும் நிரப்பவும் வேண்டிய ஆணைகளைப் பிறப்பிப்பார். அவ்வளவுதான். "யூதர்" என்ற சொல்லே இந்தச் சட்டத்தில் கிடையாது. நாட்டவர் என்ற தகுதியும் அன்றைக்குப் போகவில்லை. அது போனது 1941-இல், அதுவும் வேறொரு ஆணையின் வழியாக.

நம்மூரில் சட்டம் நாலு பக்கம், விதிகள் நாற்பது பக்கம் என்று வரும் இல்லையா, அதே கணக்கு. மூன்றாம் பிரிவின் கீழ் 1943 ஜூலை வரை பதின்மூன்று ஆணைகள் வந்தன. எது எதைச் செய்தது என்று தெரிந்தவர்கள் வரிசையாக எழுதினால் நன்றாக இருக்கும். உணர்ச்சி உரைகளுக்கு வேறு இழைகள் இருக்கின்றன. இங்கே தேதி, பிரிவு, தொகை.

#2 கறுப்புக்கோட்டு

அந்த மூன்றாம் பிரிவில் "நிரப்பவும்" என்ற சொல்லைக் கோடிட்டுக்கொள்ளுங்கள். விதி செய்யும் அதிகாரம் "நடைமுறைப்படுத்த" மட்டும் என்றிருந்தால், தாய்ச்சட்டத்துக்கு வெளியே போன விதியை நீதிமன்றத்தில் தாக்கலாம். "நிரப்ப" என்று சேர்த்ததும் அந்தக் கதவு மூடிவிட்டது. அதனால்தான் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் மருத்துவர் உரிமம் ரத்தாகிறது (4-ஆம் ஆணை, 25 ஜூலை 1938, உரிமம் செப்டம்பர் 30-ஓடு முடிவு). வழக்கறிஞர் பதிவு ரத்தாகிறது (5-ஆம் ஆணை, 27 செப்டம்பர் 1938, பழைய ஜெர்மன் எல்லைக்குள் நவம்பர் 30-ஓடு முடிவு). ஒருவர் செத்தால் சொத்து அரசுக்குப் போகிறது (13-ஆம் ஆணை). இதில் எதற்கும் குடியுரிமைக்கும் என்ன உறவு? எதுவும் இல்லை. ஆனால் தாய்ச்சட்டம் அதுதான்.

உரிமம் போன மருத்துவர்களில் சிலரை மட்டும் யூத நோயாளிகளைப் பார்க்க விட்டார்கள். ஆனால் "மருத்துவர்" என்று பலகை போடக்கூடாது, "நோயாளிக்குச் சிகிச்சை செய்பவர்" என்று போட வேண்டும். வழக்கறிஞர்களுக்கும் அப்படியே, "ஆலோசகர்" என்ற பெயரில் யூதக் கட்சிக்காரர்களுக்கு மட்டும். தொழிலை எடுப்பதற்கு முன்னால் தொழிலின் பெயரை எடுத்தார்கள்.

#3 தேதிக்காரர்

1935-இலிருந்து தொடங்கினால் பாதி போய்விடும். முதல் கணு 7 ஏப்ரல் 1933, தொழில்முறை அரசுப் பணியை "மீட்டமைக்கும்" சட்டம். மார்ச் 24-இல் வந்த அதிகாரமளிப்புச் சட்டம் அமைச்சரவையே சட்டம் போடலாம், அரசியலமைப்பை மீறியும் போடலாம் என்று விட்டுக்கொடுத்திருந்ததால் இதற்கு நாடாளுமன்றமே தேவைப்படவில்லை. மூன்றாம் பிரிவு: ஆரியர் அல்லாத அரசு ஊழியர் ஓய்வு பெற வேண்டும். நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 11-இல் வந்த ஆணை: தாத்தா பாட்டி நால்வரில் ஒருவர் யூதர் என்றாலும் போதும், ஆரியர் அல்லாதவர்.

விலக்கும் அதே பிரிவிலேயே இருந்தது. 1914 ஆகஸ்ட் 1-க்கு முன்பே பணியில் இருந்தவர், உலகப்போரில் முன்னணியில் நின்றவர், தகப்பனையோ மகனையோ போரில் இழந்தவர் ஆகியோருக்கு. குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் ஏப்ரல் 4-இல் ஹிட்லருக்கு எழுதிய கடிதத்தால் வந்த விலக்கு அது. வழக்கறிஞர்களுக்கும் அதே நாளில் தனிச்சட்டம் வந்தது, இதே விலக்கோடு. விளைவு நாஜிகளே எதிர்பாராதது: 4,585 யூத வழக்கறிஞர்களில் 3,167 பேர் தொழிலில் நீடித்தார்கள். "யூதன் போர்முனைக்கே போகவில்லை" என்று அவர்கள் வருடக்கணக்காகப் பேசிவந்த பேச்சுக்கு அவர்கள் போட்ட சட்டத்திலேயே பதில் கிடைத்துவிட்டது.

இதே மாதம் 25-ஆம் தேதி பள்ளி, கல்லூரி நெரிசலைக் குறைக்கும் சட்டம். புதுச் சேர்க்கையில் ஆரியர் அல்லாதவருக்கு 1.5% வரைதான். பெயரைப் பாருங்கள், "நெரிசல்".

#4 நெல்லிக்காய்

ஒரு சந்தேகம். அந்த விலக்கு உண்மையில் அவர்களுக்கு நன்மைதானே செய்தது? மூன்று பேரில் இரண்டு பேர் பிழைத்தார்கள் என்றால், சட்டத்துக்குள் கொஞ்சம் இரக்கம் இருந்தது என்று ஏன் சொல்லக்கூடாது?

#5 கறுப்புக்கோட்டு

@நெல்லிக்காய், அன்றைக்கும் பலர் இப்படித்தான் நினைத்தார்கள். விலக்கு எப்படி வேலை செய்தது என்று பாருங்கள். அது தானாக வராது. படிவம் நிரப்பி, படைச் சேவைச் சான்று இணைத்து, "நான் ஆரியர் அல்லாதவர், ஆனால் இன்ன காரணத்தால் விலக்கு" என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். அலுவலகத்தில் அதுவரை யாரும் கேட்காத ஒரு தகவலை அவரே எழுத்தில் கொடுத்துவிடுகிறார்.

அடுத்த படி 14 நவம்பர் 1935, குடியுரிமைச் சட்டத்தின் முதல் ஆணை, நான்காம் பிரிவு. யூத அரசு ஊழியர் அனைவரும் 31 டிசம்பர் 1935-ஓடு ஓய்வு. போர்முனை விலக்கு போயிற்று (ஹிண்டன்பர்க் 1934 ஆகஸ்டிலேயே இறந்துவிட்டார்). ஆனால் அங்கேயும் ஒரு துண்டு மிச்சம் வைத்தார்கள்: போர்முனை வீரருக்கு வயது வரம்பு வரை கடைசிச் சம்பளம் முழுதும் ஓய்வூதியமாக உண்டு. சரி, இதுவாவது நின்றதா? 5 டிசம்பர் 1938, ஏழாம் ஆணை, அந்த ஓய்வூதியத்தை வெட்டியது.

ஆக வேலை 1933-இல் தப்பி 1935-இல் போனது. ஓய்வூதியம் 1935-இல் தப்பி 1938-இல் போனது. ஒவ்வொரு முறையும் கையில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அந்த மிச்சத்தை நம்பி இருந்துவிட்டவர்கள்தான் அதிகம்.

#6 பதிவேடு

வரையறை விஷயத்தை யாரும் தொடவில்லையே. இழையின் அச்சாணி அதுதான்.

சட்டங்கள் நியூரம்பெர்க்கில் நடந்த நாஜிக் கட்சி மாநாட்டின் கடைசி இரண்டு மூன்று நாளில் எழுதப்பட்டவை. உள்துறையில் யூத விவகாரம் பார்த்த பெர்னார்ட் லோசனரை செப்டம்பர் 13-இல் அவசரமாக வரவழைத்தார்கள். இன்னொரு நியூரம்பெர்க் சட்டமான, யூதர்-ஜெர்மானியர் திருமணத்தையும் உறவையும் தடுத்த ரத்தப் பாதுகாப்புச் சட்டத்துக்கு நான்கு வரைவுகள், கடுமையில் இறங்குவரிசையில். ஹிட்லர் இருப்பதில் மென்மையான நான்காவதை எடுத்தார். ஆனால் அதிலிருந்த "முழு யூதருக்கு மட்டுமே பொருந்தும்" என்ற வரியை அடித்துவிட்டார். அப்படியானால் யூதர் யார்? இரண்டு மாதம் கட்சிக்கும் அமைச்சகத்துக்கும் இழுபறி. நவம்பர் 14-இல்தான் விடை.

மூன்று அல்லது நான்கு யூதத் தாத்தா பாட்டி இருந்தால் யூதர். இரண்டு என்றால் கலப்பினர், ஆனால் 15 செப்டம்பர் 1935-இல் யூத மதச் சமூகத்தில் உறுப்பினராக இருந்தாலோ பின்னர் சேர்ந்தாலோ, அந்த நாளில் யூதரை மணந்திருந்தாலோ பின்னர் மணந்தாலோ யூதர். அந்தத் தேதிக்குப் பிந்தைய யூதத் திருமணத்தில் பிறந்த குழந்தையும் யூதர். திருமணத்துக்கு வெளியே என்றால், 31 ஜூலை 1936-க்குப் பின் பிறந்த குழந்தை. (தேதியைக் கூட்டிக் கழித்துப் பாருங்கள். சட்டம் வந்ததற்குப் பிந்தைய உறவில் பிறந்த குழந்தையைப் பிடிக்கும் கணக்கு.)

இனி ஓட்டை. தாத்தா யூதரா என்பதை எப்படித் தீர்மானிப்பது? ஆணையின் இரண்டாம் பிரிவு: அவர் யூத மதச் சமூகத்தைச் சேர்ந்தவராக இருந்திருந்தால் ஐயத்துக்கு இடமின்றி முழு யூதர். ரத்தம் ரத்தம் என்று முழங்கிய சட்டம் கடைசியில் போய் நின்ற இடம் மதப் பதிவேடு. ரத்தத்தில் தேடி எதுவும் கிடைக்காது, வேறு வழியில்லை. யூத மதத்துக்கு மாறிய ஜெர்மானியப் பாட்டிகூட இந்தக் கணக்கில் "இனத்தால்" யூதர்.

நடைமுறையில் ஆரியச் சான்றுக்கு வேண்டியது பத்துத் தாள்: தனது, பெற்றோர் இருவரது, தாத்தா பாட்டி நால்வரது என ஏழு பிறப்பு அல்லது ஞானஸ்நானச் சான்றுகள், பெற்றோருடையது ஒன்று, இரு பக்கத் தாத்தா பாட்டியுடையது இரண்டு என மூன்று திருமணச் சான்றுகள். குடிமைப் பதிவு நாடு முழுக்க வந்தது 1876-இல்தான். 1930-களில் நடுவயதில் இருந்தவரின் தாத்தா பாட்டி அதற்கு முன் பிறந்தவர்கள். ஆகவே தேவாலயப் பதிவேடுகளுக்குத்தான் போக வேண்டும். ஊர் ஊராகப் பாதிரியார்கள் உட்கார்ந்து நகல் எழுதிக் கொடுத்தார்கள். இந்த உழைப்பு இல்லாமல் வரையறை வெறும் காகிதம்.

#7 தேதிக்காரர்

மேலே உள்ளதற்கு ஒரு சேர்க்கை. ரத்தப் பாதுகாப்புச் சட்டத்தில் வீட்டு வேலைக்காரப் பெண் பற்றிய பிரிவு பலருக்குத் தெரியாது. யூத வீட்டில் 45 வயதுக்குக் குறைந்த "ஜெர்மானிய ரத்த"ப் பெண் வேலை செய்யக்கூடாது, 1 ஜனவரி 1936 முதல். ஏற்கெனவே அந்த வீட்டில் இருப்பவள் 1935 முடியுமுன் 35 வயதை எட்டியிருந்தால் நீடிக்கலாம் என்று ஆணை தளர்த்தியது. "யூத வீடு" என்றால் யூத ஆண் இருக்கும் வீடு.

திருமணத்துக்கு வெளியே உறவு என்றால் தண்டனை ஆணுக்கு மட்டும். பெண்ணை விட்டது கருணையால் அல்ல, அவள் சாட்சி சொல்ல வேண்டும். வழக்கைத் தாங்குவது அவள் வாக்குமூலம்தான். மறுத்துச் சொன்னால் பொய்ச்சாட்சி வழக்கு.

#8 நெல்லிக்காய்

அப்போ சொத்து? பிடுங்குவதற்குத் தனியாகச் சட்டம் இருந்ததா, இல்லை அடித்துப் பிடுங்கினார்களா? வெளியேறுபவர்மேல் வரி போட்டது நாஜிகளின் கண்டுபிடிப்பு என்று படித்த ஞாபகம்.

#9 வரவுசெலவு

கண்டுபிடிப்பு அவர்களுடையது இல்லை. வெளியேறு வரி 8 டிசம்பர் 1931, புரூனிங் அரசு காலத்தது. மந்தநிலையில் பணக்காரர்கள் மூலதனத்தைத் தூக்கிக்கொண்டு ஓடாமல் இருக்கப் போட்டது. 2,00,000 மார்க்குக்கு மேல் சொத்து இருந்தால் 25%. நாஜிகள் செய்தது 1934 மே மாதத்தில் அந்த வரம்பை 50,000-க்கு இறக்கியது மட்டும். விகிதம் அதே 25%. மாறியது யார் சிக்குகிறார்கள் என்பது. 1932-33-இல் ஒரு மில்லியன் மார்க்கைக்கூட எட்டாத வசூல் 1938-39-இல் 342 மில்லியன். கணக்கிடும் அடிப்படை, கடைசியாக வரித்துறை மதிப்பிட்ட சொத்து. கடையை இதற்குள் பாதி விலைக்கு விற்றிருந்தாலும் வரி பழைய மதிப்புக்குத்தான்.

இது முதல் வடிகட்டிதான். மிச்சப் பணம், உரியவர் இஷ்டப்படி எடுக்க முடியாத முடக்கக் கணக்குக்குப் போகும். வெளிநாட்டுச் செலாவணியாக மாற்ற வேண்டுமென்றால் மத்திய வங்கியின் துணை வங்கியான கோல்ட்டிஸ்கோன்ட் வங்கிக்குத் தள்ளுபடி. 1934 ஜனவரியில் 20%, அந்த ஆகஸ்டிலேயே 65%, 1936-இல் 81%, 1938-இல் 90%, 1939 செப்டம்பரில் 96%. நூறு மார்க் கொடுத்தால் நான்கு மார்க் பெறுமானம் வெளியே போகும். கையில் எடுத்துப்போக அனுமதி 10 மார்க்.

வீட்டுச் சாமான் பட்டியலும் உண்டு. 1933-க்கு முன் வாங்கியவை, பின் வாங்கியவை, பயணத்துக்கென்றே வாங்கியவை என மூன்று பகுதி. கடைசி வகைக்கு வாங்கிய விலை அளவுக்கே இன்னொரு முறை கட்ட வேண்டி வரும். எல்லாம் முடிந்து வரித்துறையிடம் "பாக்கி இல்லை" சான்று வாங்க வேண்டும். சான்று வருவதற்குள் விசா காலாவதி, விசா புதுப்பிப்பதற்குள் சான்று காலாவதி. "ஏன் முன்னாடியே போகவில்லை" என்று கேட்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டு தடவை படிக்கவும்.

இனி பிடுங்கும் வரிசை. 26 ஏப்ரல் 1938: 5,000 மார்க்குக்கு மேல் சொத்துள்ள யூதர் எல்லாவற்றையும் பட்டியலிட்டு ஜூன் 30-க்குள் பதிவு செய்ய வேண்டும். அப்போது பறிமுதல் எதுவும் இல்லை. பட்டியல் மட்டும். யூதக் கடைகளையும் வழிபாட்டிடங்களையும் நொறுக்கிய நவம்பர் 9-10 வெறியாட்டம் முடிந்து நவம்பர் 12-இல் ஹிட்லரின் அமைச்சர் கோரிங் கூட்டிய கூட்டத்தில் நூறு கோடி மார்க் "பரிகாரத் தொகை" விதித்தார்கள். யாருக்கு எவ்வளவு என்று பிரிக்க ஏப்ரல் பட்டியல் தயாராக இருந்தது. ஆளுக்குச் சொத்தில் 20%, நான்கு தவணை: 15 டிசம்பர் 1938, பிறகு 1939-இல் பிப்ரவரி, மே, ஆகஸ்ட் 15. இலக்கு நிறையாது என்று காட்டி 1939 நவம்பர் 15-க்கு ஐந்தாவது தவணையும் போட்டார்கள். ஆக 25%. வசூல் நூறு கோடியைத் தாண்டிவிட்டது.

உடைந்த கண்ணாடிக்குக் காப்பீடு? காப்பீட்டு நிறுவனம் கொடுக்க வேண்டிய தொகையை அரசு எடுத்துக்கொண்டது. தெருவைச் சீர்செய்யும் செலவு கடைக்காரருடையது.

21 பிப்ரவரி 1939: தங்கம், வெள்ளி, பிளாட்டினம், ரத்தினம், முத்து எல்லாம் இரண்டு வாரத்தில் அரசு அடகு நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். விட்டுவைத்தது: தன் திருமண மோதிரமும் இறந்த துணையின் மோதிரமும், வெள்ளிக் கைக்கடிகாரம், ஆளுக்கு இரண்டு செட் பழைய வெள்ளிக் கரண்டி வகை (ஒரு செட்டுக்கு நான்கு உருப்படி), மற்ற வெள்ளிப் பொருள் ஒவ்வொன்றும் 40 கிராமுக்குள், மொத்தம் 200 கிராமுக்குள். தராசு வைத்து எழுதிய ஆணை.

#10 பழஞ்சுவடி

@வரவுசெலவு, மிக்க நன்றி. இங்கே நான் கவனித்த ஒன்று: ஆணைகள் கடுமையாக ஆக, அவை வெளியாகும் இடம் சின்னதாகிக்கொண்டே போகிறது.

1933, 1935: அரசிதழில் முழுச் சட்டம், ஹிட்லர் கையெழுத்து. 1938: விதிகளாக. 1 செப்டம்பர் 1941 மஞ்சள் நட்சத்திரம் வெறும் காவல்துறை ஆணை. உள்துறை அமைச்சருக்காகப் பாதுகாப்புக் காவல்துறைத் தலைவர் ஹைட்ரிக் கையெழுத்து. ஆறு வயது நிறைந்த அனைவரும், உள்ளங்கை அகலம், இடது மார்பில் தைத்திருக்க வேண்டும். தவறினால் 150 மார்க் வரை அபராதம் அல்லது ஆறு வாரம் வரை காவல். அந்த ஆணையிலேயே, ஊர் எல்லை தாண்டக் காவல்துறையின் எழுத்து அனுமதி வேண்டும் என்ற வரியும் உண்டு. பதின்மூன்று ஆணைகளைத் தேடுகிறவர் இதை அந்தப் பட்டியலில் காணமாட்டார்.

அதற்கும் கீழே, யூதப் பத்திரிகைகளை எல்லாம் மூடிவிட்டு 1938 நவம்பர் 23 முதல் விட்டுவைத்த ஒரே செய்தித்தாளில் வந்த அறிவிப்புகள். வளர்ப்புப் பிராணி வைக்கக்கூடாது, மின்சாதனங்களை ஒப்படை (இரண்டும் 1942). இவை அரசிதழில் இல்லை. பக்கத்து வீட்டு ஜெர்மானியருக்கு இப்படி ஒரு தடை இருப்பதே தெரிய வேண்டியதில்லை. 23 அக்டோபர் 1941 வெளியேறத் தடை உள்ளுக்குள் போன உத்தரவு.

#11 நெல்லிக்காய்

இவ்வளவு பார்த்தபின், எல்லாம் முதல் நாளே வரைந்து வைத்த திட்டம் போலத்தான் தெரிகிறது.

#12 பதிவேடு

எனக்கு அப்படித் தெரியவில்லை. திட்டம் போட்டவன் வரையறையை எழுத இரண்டு மாதம் சண்டை போடமாட்டான். கட்சிக்காரன் தெருவில் செய்வான், அமைச்சகம் "ஒழுங்கு" வேண்டும் என்று அதைச் சட்டமாக்கும், சட்டம் போதாது என்று கட்சிக்காரன் மறுபடியும் தெருவுக்கு வருவான். 1933 ஏப்ரல் 1 கடைப் புறக்கணிப்பு, ஆறு நாளில் சட்டம். 1935 கோடையில் தெரு வன்முறை, செப்டம்பரில் சட்டம். 1938 நவம்பர் 9, பன்னிரண்டாம் தேதி ஆணை.

#13 கறுப்புக்கோட்டு

பதிவேடு சொல்வதில் பாதி சரி. நீதிபதிகளை விட்டுவிட்டீர்கள். தெருவோ அமைச்சகமோ கேட்காததையும் அவர்களே கொடுத்தார்கள். ரத்தப் பாதுகாப்புச் சட்டம் தடுத்தது உடலுறவை. 9 டிசம்பர் 1936-இல் உச்ச நீதிமன்றத்தின் பெரிய அமர்வு அந்தச் சொல்லை விரித்து, உடலுறவுக்கு ஈடான மற்ற செயல்களும் அடங்கும் என்றது. கீழ் நீதிமன்றங்கள் அதை இழுத்துக்கொண்டே போயின.

இழுத்த இழுப்பின் முனை லியோ காட்சன்பெர்கர் வழக்கு. நியூரம்பெர்க் யூதச் சமூகத்தின் தலைவராக இருந்த காலணி வியாபாரி; ஜெர்மானியப் பெண் ஒருத்தியோடு உறவு என்பது குற்றச்சாட்டு. ரத்தப் பாதுகாப்புச் சட்டத்தில் மரண தண்டனையே இல்லை. நீதிபதி ஓஸ்வால்ட் ரோட்ஹவுக் அதை 1939-இன் "மக்கள் விரோதி" ஆணையோடு சேர்த்தார்: போர்க்கால விளக்கணைப்பைப் பயன்படுத்திச் செய்த குற்றம் என்று. உறவுக்கு ஆதாரம் இல்லை. பெண் மறுத்தாள், அவளுக்குப் பொய்ச்சாட்சிக்காகச் சிறை. காட்சன்பெர்கருக்கு 1942 மார்ச்சில் மரண தண்டனை, ஜூனில் நிறைவேற்றம். ரோட்ஹவுக்குக்கு, போருக்குப் பின் அமெரிக்கர் நடத்திய 1947 நீதிபதிகள் வழக்கில் ஆயுள்.

#14 வரவுசெலவு

11-ஆம் ஆணையை யாரும் எழுதாமல் இழை முடியக்கூடாது. 25 நவம்பர் 1941. வெளிநாட்டில் வழக்கமாக வசிக்கும் யூதர் நாட்டவர் தகுதியை இழப்பார், சொத்து அரசுக்குச் சேரும். படிக்க, ஏற்கெனவே ஓடிப்போனவர்களைப் பற்றியது போல இருக்கும். அதே மாதங்களில் யூதர்களை நாடுகடத்தும் ரயில்கள் கிழக்கே போய்க்கொண்டிருந்தன. ரயில் எல்லை தாண்டியதும் பயணி "வெளிநாட்டில் வசிப்பவர்". தனித்தனி பறிமுதல் உத்தரவு தேவையில்லை, சொத்து தானாகச் சேர்ந்துவிடும். ஆக்கிரமித்த போலந்தின் நடுப்பகுதியும் இதற்கு வெளிநாடுதான் என்று உள்துறை சுற்றறிக்கை விட்டது.

எங்கே இடித்தது? வூட்ஜ் நகரமும் ஆஷ்விட்சும் ஜெர்மனியோடு இணைக்கப்பட்ட பகுதி, தெரேசியன்ஸ்டாட் ஜெர்மனியின் பிடியிலிருந்த செக் பகுதியான "பாதுகாப்பு நாட்டுக்குள்". சட்டப்படி அவை வெளிநாடு அல்ல! அங்கே அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும் பழைய முறை: 14 ஜூலை 1933-இன் "மக்களுக்கும் அரசுக்கும் பகையான சொத்து" சட்டம், தனித்தனி உத்தரவு, நீதிமன்ற அமீனா நேரில் கொண்டுவந்து கொடுப்பார். அதற்குமுன் 16 பக்கச் சொத்து விவரப் படிவத்தை அவர்களே நிரப்பிக் கையெழுத்திட்டிருக்க வேண்டும். தெரேசியன்ஸ்டாட்டுக்குப் போகும் முதியவர்களிடம் ஆயுள் முழுக்கத் தங்கவும் உண்ணவும் என்று "இல்ல ஒப்பந்தம்" எழுதி வாங்கி மிச்சப் பணத்தையும் கறந்தார்கள்.

#15 தேதிக்காரர்

முடித்துவைக்க: 1 ஜூலை 1943, 13-ஆம் ஆணை. யூதரின் குற்றங்களைக் காவல்துறையே தண்டிக்கும், நீதிமன்றம் கிடையாது. யூதர் இறந்தால் சொத்து அரசுக்கு. இரண்டு நியூரம்பெர்க் சட்டங்களையும் நேசநாட்டுக் கட்டுப்பாட்டுக் குழு 20 செப்டம்பர் 1945-இல் தன் முதல் சட்டத்தாலேயே நீக்கியது. அவற்றுக்கு 1936-இல் உள்துறைச் செயலர் ஸ்டுக்கார்ட்டோடு சேர்ந்து விளக்கவுரை எழுதிய ஹான்ஸ் குளோப்கே 1953 முதல் 1963 வரை மேற்கு ஜெர்மன் சான்சலர் அடினாவரின் அலுவலகத் தலைவர்.

#16 நெல்லிக்காய்

நீக்கினால் போதுமா? 1941-இல் போன நாட்டவர் தகுதி திரும்ப வந்ததா?

#17 கறுப்புக்கோட்டு

தானாக வரவில்லை. மேற்கு ஜெர்மன் அரசியலமைப்பான 1949 அடிப்படைச் சட்டம் 116(2): 30 ஜனவரி 1933 முதல் 8 மே 1945 வரை அரசியல், இன, மதக் காரணங்களால் நாட்டவர் தகுதியை இழந்தவரும் வழித்தோன்றல்களும் விண்ணப்பித்தால் திரும்பக் கிடைக்கும். விண்ணப்பிக்க உயிரோடு இருக்க வேண்டும் என்பது சிக்கல். நாடுகடத்தப்பட்டு இறந்தவர் எந்த நாட்டவராக இறந்தார் என்பது வாரிசுரிமை வழக்கில் கேள்வியாயிற்று. 14 பிப்ரவரி 1968-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் 11-ஆம் ஆணை நீதிக்கு முற்றிலும் முரணானது, ஆகவே அது பிறப்பிக்கப்பட்ட நாளிலிருந்தே செல்லாது என்றது. அதனால் அவர்கள் தகுதியை இழக்கவே இல்லை என்று ஆகிறது. ஆனால் வேறு நாட்டில் குடியேறி, ஜெர்மன் தகுதி வேண்டாம் என்று நினைத்தவர்மேல் அதைத் திணிக்கவும் முடியாது. அதனால் அவர்களுக்கு விண்ணப்ப வழி தொடர்கிறது.

வழித்தோன்றல்கள் இணைக்க வேண்டியது: முன்னோரின் பிறப்பு, திருமணச் சான்றுகள், தலைமுறை தலைமுறையாகத் தன் வரைக்கும். பதிவேடு அண்ணன் #6-இல் சொன்ன அதே வகைத் தாள்கள்தான்.